பத்து அங்குலக் கௌராமிக்கு மூன்றடித் தொட்டி போதுமா?

பல்லடத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஒன்றரை ஆண்டுக்கு முன் விரல் நீளத்தில் வாங்கிய ஜெயன்ட் கௌராமி மீன் இப்போது பத்து அங்குலம் ஆகிவிட்டது. இருப்பது மூன்றடிக் கண்ணாடித் தொட்டி. "தொட்டி அளவுக்குத்தான் வளரும், பயப்படாதீர்கள்" என்று விற்றவர் சொல்லியிருக்கிறார். கூடவிட்ட சின்ன மீன்களில் பாதியைக் காணவில்லை. வீட்டுக்கு வருவது போர்த் தண்ணீர். எவ்வளவு பெரிய தொட்டி வேண்டும், என்ன தீனி கொடுக்கலாம், சமாளிக்க முடியாவிட்டால் ஊர்க் குளத்தில் விட்டுவிடலாமா என்பதெல்லாம் அவருடைய கேள்விகள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். குளத்தில் விடக் கூடாது. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

தொட்டி அளவுக்குத்தான் மீன் வளரும் என்ற பேச்சு எல்லா ஊர்க் கடைகளிலும் உண்டு. அது உண்மையல்ல. இந்த மீன் 70 சென்டிமீட்டர் வரை வளரக்கூடிய இனம். வீட்டுத் தொட்டியில் ஒழுங்காகக் கவனித்தால் ஒன்றரை அடி வருவது சாதாரணம். சின்னத் தொட்டியில் வளர்ச்சி குறைவதைப் பார்த்திருப்பீர்கள். தன் கழிவிலேயே கிடந்து, திரும்ப இடமில்லாமல், பசியும் மந்தமாகி நலிவதால் வருகிற குறைவு அது. உடம்பு குறுகி, முதுகு வளைந்து, கண் மட்டும் பெரிதாகத் தெரியும். அப்படியே சில ஆண்டுகள் உயிரோடும் இருக்கும். அதைப் பார்த்துத்தான் பலர் "நன்றாகத்தானே இருக்கிறது" என்று நினைத்துவிடுகிறார்கள். நல்ல இடமும் நல்ல தண்ணீரும் கிடைத்தால் இருபது ஆண்டுகள் வாழும் மீன் இது.

இது அழகுக்காக நம் பக்கம் வந்த மீனும் அல்ல. உணவு மீனாக வளர்ப்பதற்காக 1916இல் ஜாவாவிலிருந்து சென்னை மாகாணத்துக்குக் கொண்டுவந்தார்கள். இந்தோனேசியாவில் இன்றும் குளங்களில் வளர்த்துப் பொரித்தும் சுட்டும் சாப்பிடுகிறார்கள். கிலோக் கணக்கில் எடை போடும் மீனை விரல் நீளக் குஞ்சாகப் பாலித்தீன் பையில் கட்டிக் கொடுப்பதால்தான் வாங்குகிறவருக்கு அதன் அளவு தெரிவதில்லை.

உங்களிடம் இருப்பது ஜெயன்ட் கௌராமிதானா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். முத்துக் கௌராமி, நீலக் கௌராமி, கிஸ்ஸிங் கௌராமி என்று பல மீன்கள் அந்தப் பெயரில் விற்கின்றன. ஜெயன்ட்டின் குஞ்சுக்கு வாய் கூராக இருக்கும். உடம்பில் குறுக்காக எட்டு, பத்துக் கரும்பட்டைகள் ஓடும். வால் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் ஒரு கரும்புள்ளி தெரியும். வளர வளரப் பட்டைகள் மங்கி, நெற்றி புடைத்து, உதடு தடித்து முகமே மாறிவிடும். வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ கிடைப்பதும் பெரும்பாலும் இதே இனம்தான். சிவப்பு வால் கௌராமி என்று விற்பது வேறு இனம் என்றாலும், அதற்கும் இதே அளவு இடம் வேண்டும்.

இனி தொட்டி. வளர்ந்த ஒரு மீனுக்கு ஆறடி நீளம், இரண்டரை அடி அகலம், இரண்டடி உயரம் வேண்டும். இதற்குக் குறைத்து நான் யாருக்கும் சொல்வதில்லை. நீளத்தைக் கேட்டதும் தலையாட்டுகிறவர்கள் அகலத்தில் கைவைப்பார்கள். ஒன்றரை அடி அகலம் போதும், சுவரோரம் அடக்கமாக நிற்கும் என்பார்கள். பதினெட்டு அங்குல மீன் பதினெட்டு அங்குல அகலத்தில் எப்படித் திரும்பும்? ஒவ்வொரு முறையும் உடம்பை வளைத்து, மூக்கு உரசித்தான் திரும்பும். உயரத்தைக் குறைத்தாலும் குறைக்கலாம், அகலத்தைக் குறைக்காதீர்கள்.

இந்த அளவுத் தொட்டியில் ஏறத்தாழ 850 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். 12 மில்லிமீட்டர் கண்ணாடி, இரும்பு ஸ்டாண்டு எல்லாம் சேர்த்தால் எடை ஒரு டன்னைத் தாண்டும். தரைத்தளம் என்றால் கவலையில்லை. மாடி வீடு என்றால், பீம் எங்கே போகிறது என்று கட்டடம் தெரிந்தவரிடம் கேட்காமல் வைக்காதீர்கள். மூடியும் கனமாக இருக்க வேண்டும். திடுக்கிட்டால் இந்த மீன் துள்ளும். லேசான பிளாஸ்டிக் மூடியை அனாயாசமாகத் தூக்கி எறிந்துவிடும்.

தோட்டம் உள்ளவராக இருந்தால் கண்ணாடித் தொட்டிக்குச் செலவழிக்கவே வேண்டாம் என்பேன். தோட்டத்து வீட்டுக்கு, அதாவது சாளைக்கு, பக்கத்தில் பத்தடிக்கு ஐந்தடி, மூன்றடி ஆழத்தில் ஒரு சிமெண்டுத் தொட்டி கட்டிவிடுங்கள். மேலே பாதிக்குத் தென்னங்கீற்றோ நிழல்வலையோ போட்டால் போதும். கொங்கு நாட்டுச் சீதோஷ்ணத்துக்கும் இந்த மீனுக்கும் அப்படி ஒரு பொருத்தம். புதுச் சிமெண்டில் சுண்ணாம்பு இறங்கித் தண்ணீர் கடுமையான காரமாகிவிடும் என்பதால் உடனே மீனை விடக் கூடாது. தண்ணீர் நிரப்பி, வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஒரு வாரம் ஊறவிட்டு இறைத்துவிடுங்கள். மூன்று நான்கு முறை இப்படிச் செய்துவிட்டு, தண்ணீரின் காரத்தைக் காட்டும் பி.எச். எண்ணை அளந்து, அது எட்டரைக்குக் கீழே நின்றால்தான் மீனைக் கொண்டுபோக வேண்டும். மேலே நின்று பார்க்கும்போது பக்கவாட்டு அழகு தெரியாதுதான். ஆனால் தீனித் தட்டோடு நீங்கள் வருவது தெரிந்து கரையோரம் வந்து நிற்கும் மீனைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்று உங்களுக்கே தோன்றாது.

கிணற்றில் விடலாமா என்றும் சிலர் கேட்பதுண்டு. விட்டால் பிழைக்கும். ஆனால் நோய் வந்தால் தெரியாது, பிடிக்கவும் முடியாது, கோடையில் கிணறு வற்றினால் சேற்றில் கிடக்கும். எனக்கு அதில் சம்மதமில்லை.

அடுத்தது தண்ணீர். பலரும் ஏமாறும் இடம் இதுதான். கௌராமிக்குச் செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பாக ஓர் உறுப்பு இருக்கிறது. மேலே வந்து காற்றை விழுங்கி, அதில் வைத்து மூச்சு வாங்கும். அமைதியான அறையில் அந்தச் சத்தம் தெளிவாகக் கேட்கும். ஆக்சிஜன் குறைந்த தண்ணீரிலும் அதனால் சாவதில்லை. "ஏர் பம்ப் வேண்டாம், ஃபில்டர் வேண்டாம், கெட்டி மீன்" என்று பெயர் வாங்கியது இப்படித்தான். காற்றில் மூச்சு வாங்கினாலும் கழிவு அமோனியா செவுள் வழியாகத் தண்ணீரில்தான் கலக்கிறது. மூச்சு திணறிச் சாகாத மீன், அமோனியாவில் செவுள் வெந்து நாள்பட நொந்து சாகும். மற்ற மீனென்றால் இரண்டு நாளில் மிதந்து உங்களுக்கு எச்சரிக்கை கொடுத்திருக்கும். இது கொடுக்காது.

நம் பக்கத்துப் போர்த் தண்ணீரில் இது இன்னும் முக்கியம். பல்லடம், அவிநாசி, திருப்பூர், கரூர்ப் பக்கம் டி.டி.எஸ்., அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, ஆயிரத்தைத் தாண்டுவது புதிதல்ல. உப்பும் கடினத்தன்மையும் இந்த மீனுக்குப் பெரிய சிக்கல் இல்லை, பழகிக்கொள்ளும். ஆனால் அத்தகைய தண்ணீர் பெரும்பாலும் காரமாகவும் இருக்கும். பி.எச். ஓர் எண் ஏறினால், அமோனியாவில் விஷமாக நிற்கும் பங்கு ஏறத்தாழப் பத்து மடங்காகும். காரம் குறைந்த சிறுவாணித் தண்ணீரில் மீன் தாங்கிக்கொண்ட அதே அளவு அழுக்கு, பி.எச். எட்டேகால் காட்டும் போர்த் தண்ணீரில் அதைக் கொன்றுவிடலாம். ஆகவே அமோனியா டெஸ்ட் கிட் ஒன்று கட்டாயம் வாங்குங்கள். அளவு பூஜ்யத்தைத் தவிர வேறு எதைக் காட்டினாலும் அன்றே தண்ணீர் மாற்றுங்கள்.

மோட்டார் போட்டு நேராகப் போர்த் தண்ணீரைத் தொட்டிக்குள் பாய்ச்சாதீர்கள். நிலத்தடியிலிருந்து வரும் தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவு, கரியமில வாயு அதிகம். ஒரு டிரம்மில் பிடித்து இரவெல்லாம் காற்றுக்கல் ஓடவிட்டு மறுநாள் ஊற்றுங்கள். விவசாய பூமி என்றால் உரத்தால் வந்த நைட்ரேட்டும் போர்த் தண்ணீரிலேயே இருக்கலாம், ஒருமுறை அளந்து பார்த்துவிடுவது நல்லது. குழாயில் வரும் நல்ல தண்ணீர் சிறுவாணியோ பில்லூரோ எதுவானாலும் குளோரின் போட்டே வரும். ஒரு நாள் திறந்து வைக்க வேண்டும், அல்லது குளோரினை முறிக்கும் ஹைப்போ (சோடியம் தயோசல்ஃபேட்) கலக்க வேண்டும். உப்புத் தண்ணீரையும் நல்ல தண்ணீரையும் கலந்து ஊற்றுவதில் தவறில்லை. ஒரு வாரம் இது, மறுவாரம் அது என்று மாற்றினால்தான் மீன் திணறும். எந்த விகிதத்தில் தொடங்கினீர்களோ அதிலேயே நில்லுங்கள். ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுத் தண்ணீர் வேண்டவே வேண்டாம்.

வாரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்ற வேண்டும். கிட்டத்தட்ட 280 லிட்டர் போகிறதே என்று மலைக்காதீர்கள், அத்தனையும் தென்னைக்கும் வாழைக்கும் ஏற்ற சத்துத் தண்ணீர். வாய்க்கால் வரப்பு எல்லாம் தெரிந்த ஊரில் அதை வீணாக்க யாருக்கும் மனம் வராது.

ஃபில்டருக்குத் தொட்டிக்கடியில் ஒரு சம்ப், அதாவது தண்ணீர் வடிந்து இறங்கிப் பம்பால் மேலே திரும்பும் சின்னத் தொட்டி, வைப்பதே சிறந்தது. தொட்டித் தண்ணீர் முழுவதும் மணிக்கு நான்கைந்து முறை சுற்றிவர வேண்டும். பம்புக்குப் பேர்போன ஊர்கள் நம்முடையவை, மணிக்கு நாலாயிரம் லிட்டர் தள்ளும் பம்பைத் தேடி அலைய வேண்டியதில்லை. உள்ளே போட விலையுயர்ந்த பீங்கான் வளையங்கள்தான் வேண்டும் என்றில்லை. பாத்திரம் தேய்க்கும் பிளாஸ்டிக் நார் நூறு வாங்கிக் கழுவிப் போட்டாலும் பாக்டீரியா அதில் குடியேறும். குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். மின்சாரம் நின்றால் முதலில் பாதிக்கப்படுவதும் அந்தப் பாக்டீரியாதான். மீன் காற்றைக் குடித்துச் சமாளிக்கும், நகராத தண்ணீரில் ஆக்சிஜன் இல்லாமல் பாக்டீரியா சாகும். ஆகவே இன்வெர்ட்டரில் சம்ப் பம்பை இணைத்துவிடுங்கள்.

தீனியைப் பற்றி எழுதத் தொடங்கினால் எனக்கு நிறுத்த மனம் வராது. கடையில் புழு, இறால், கோழி ஈரல் என்றுதான் கொடுக்கச் சொல்வார்கள். இந்த மீனோ அடிப்படையில் இலை தின்னும் மீன். குஞ்சாக இருக்கையில் புழு பூச்சி அதிகம் தின்னும், வளர வளரக் கீரைக்கு மாறும். இந்தோனேசியக் குளங்களில் சேம்பு வகை இலைகளை அப்படியே போட்டுத்தான் வளர்க்கிறார்கள். மாட்டுக்கென்று தோட்டத்துத் தொட்டியில் அசோலா என்ற மிதக்கும் பச்சைச் செடியை வளர்ப்பவர்கள் நம் ஊரில் நிறைய உண்டு. அதில் இரண்டு கை எடுத்து அலசிப் போட்டுப் பாருங்கள். கௌராமிக்கு வயிற்றுப் பக்கத்தில் நூல்போல இரண்டு நீண்ட துடுப்புகள் உண்டு. முதலில் அவற்றை முன்னால் நீட்டி அசோலாவைத் தொட்டுத் தடவிப் பார்க்கும். சரி என்று பட்டால்தான் வாய் மேலே வரும். ஒரு வாய் நிறைய இழுத்துக்கொண்டு கீழே இறங்கி நின்று மெதுவாக மெல்லும். துணுக்குகள் செவுள் வழியே பச்சைப் பொடியாக உதிரும். உதிர்ந்ததை மீண்டும் தேடிப் பொறுக்கும். இதைப் பார்த்தவர்கள் பிறகு ஈரல் போட மாட்டார்கள்.

அசோலா இல்லையென்றால் வள்ளைக்கீரை, முருங்கைக்கீரை, அரைக்கீரை, முட்டைகோஸ் இலை, தோல் நீக்கிய பச்சைப் பட்டாணி, பூசணித் துண்டு, வெள்ளரி எதுவும் ஆகும். சந்தையில் வாங்கும் கீரையில் மருந்தடித்திருக்கும் என்ற பயம் நியாயமானது. வீட்டில் பூந்தொட்டியில் நான்கு அரைக்கீரைச் செடி வைத்துக்கொள்வது மேல். சாக்கடையோரத்தில் முளைத்த வள்ளைக்கீரையைக் கொண்டுவராதீர்கள். கீரைக்குப் பக்கத்தில் தாவரச் சத்து மிகுந்த மிதக்கும் தீனி கொஞ்சமும், வாரம் ஒருமுறை மண்புழுவோ இறாலோ கொடுத்தால் நிறைவாகிவிடும். கோழி, ஆட்டு ஈரலின் கொழுப்பு இதற்குச் செரிக்காது. வந்த விருந்தாளிகள் பிஸ்கட்டும் முறுக்கும் போடுவார்கள், அதையும் அன்பாகத் தடுத்துவிடுங்கள். இது எதைப் போட்டாலும் வாங்கிக்கொள்ளும் மீன்.

வெப்பநிலை 24 முதல் 30 டிகிரி வரை சரி. ஈரோடு, கரூர்க் கோடையில் தண்ணீர் 32 தொட்டாலும் தாங்கும், மூடியைச் சற்றுத் திறந்து விசிறி ஓடவிட்டால் போதும். மார்கழி, தை இரவுகள்தான் கவனிக்க வேண்டியவை. கோவை, பொள்ளாச்சிப் பக்கம் இரவுக் குளிர் 17, 18 டிகிரிக்கு இறங்கும். 300 வாட் ஹீட்டர் இரண்டு போட்டு 26இல் நிறுத்துங்கள். தண்ணீருக்கும் மூடிக்கும் நடுவே நான்கு அங்குலம் காற்று இருக்கட்டும். அந்தக் காற்றும் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், மீன் குடிப்பது அதைத்தான். கொசுவர்த்தி, கொசு விரட்டித் திரவம், கரப்பான் மருந்து எதையும் அந்த அறையில் பயன்படுத்தாதீர்கள். அவற்றிலுள்ள மருந்து மனிதரைவிட மீனுக்குப் பல மடங்கு கொடியது. பொங்கலுக்கு வீட்டுக்குப் பெயின்ட் அடிப்பதாக இருந்தாலும் அந்த அறையைக் கடைசியாக வைத்து, ஜன்னல்களைத் திறந்து போட்டு அடியுங்கள்.

கூட என்ன விடலாம் என்றால், ஒன்றும் விடாமலிருப்பதுதான் என் விருப்பம். காணாமல்போன சின்ன மீன்கள் எங்கே போயின என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். வாய்க்குள் நுழைகிற எதுவும் தீனிதான். இரண்டு கௌராமிகளை இந்த அளவுத் தொட்டியில் விட்டால் ஒன்று மற்றொன்றை மூலையில் ஒடுக்கிவிடும். ஃப்ளவர்ஹார்ன் வேண்டாம், ஆஸ்காரும் வேண்டாம். சில்வர் டாலர் ஐந்தாறு வேண்டுமானால் ஒத்துப்போகும்.

நோய் என்று வந்தால் பெரும்பாலும் தண்ணீரில்தான் காரணம் இருக்கும். வெண்புள்ளி தெரிந்தால் 30 டிகிரிக்கு மெல்ல ஏற்றி, லிட்டருக்கு இரண்டு கிராம் கல் உப்பு இரண்டு நாளில் பிரித்துப் போடுங்கள். கடையில் கொடுக்கும் கலர் மருந்தையும் ஆன்டிபயாட்டிக்கையும் பெரிய தொட்டியில் கொட்டாதீர்கள், ஃபில்டர் பாக்டீரியாவும் சேர்ந்து போய்விடும்.

இப்போது குளத்துக்கு வருகிறேன். நொய்யலை நம்பிய குளங்கள் ஒன்று நிரம்பி அடுத்ததற்கு வழியும்படி அமைந்தவை. ஒரு குளத்தில் விட்ட மீன் நல்ல மழை பெய்த ஆண்டில் அடுத்த குளத்துக்குப் போகும், நொய்யலுக்குப் போகும், கரூர் மாவட்டத்தில் காவிரியைச் சேரும். பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு), கீழ்பவானி வாய்க்கால்களும் அப்படித்தான். 1952இல் இந்தியாவுக்கு வந்த ஜிலேபி கெண்டை இன்று எந்தக் குளத்தில் இல்லை? அரசு தடை செய்த ஆப்பிரிக்கக் கெளுத்தியும், தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று விற்கிற சக்கர் மீனும் நம் நீர்நிலைகளில் ஏறி உட்கார்ந்துகொண்டதைக் குளத்தில் வலை போடுகிறவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். காற்றிலும் மூச்சு வாங்கி, கெட்ட தண்ணீரிலும் பிழைத்து, நீர்ச்செடிகளை மேய்ந்து தீர்க்கும் பெரிய மீன் அங்கே வேண்டாம். நம் கெண்டையும் குறவையும் முட்டையிட்டுக் குஞ்சு வளர்க்கும் இடமே அந்தச் செடிகள்தான். கோயில் தெப்பக்குளத்தில் விட்டால் புண்ணியம் என்று நினைத்தாலும் விளைவு இதேதான்.

வைத்துக்கொள்ளவே முடியாது என்றால், பெரிய தொட்டி வைத்திருப்பவர் யாராவது எடுத்துக்கொள்வாரா என்று கேளுங்கள். தார்ப்பாய் விரித்த பண்ணைக்குட்டை உள்ள உறவினர் இருந்தால் அதுவும் நல்ல வழி. அந்தக் குட்டையிலிருந்து ஓடைக்கு வழிவு இருக்கக் கூடாது, சொட்டுநீருக்கு உரம் கரைக்கிற குட்டையாகவும் இருக்கக் கூடாது. பம்பு உறிஞ்சும் வாயில் வலை கட்டியிருக்க வேண்டும்.

பெரிய தொட்டியே வைக்கிறீர்கள் என்றால், மாற்றும் வேலையை அவசரமில்லாமல் செய்யுங்கள். புதுச் சம்ப்பில் பழைய ஃபில்டரின் நுரைப்பஞ்சை அலசாமல் அப்படியே போடுங்கள். பழைய தண்ணீரைக் கொட்டாமல் புதுத் தொட்டிக்குக் கொண்டுபோங்கள். முந்தின நாள் தீனி வேண்டாம். வலையால் பிடிக்காதீர்கள், அந்த நூல் துடுப்புகள் சிக்கி அறுந்துவிடும். விளக்கை அணைத்து, தண்ணீரைக் கால்பங்குக்கு இறக்கி, மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் டப்பைச் சாய்த்து இருவர் சேர்ந்து மெல்ல உள்ளே தள்ளுங்கள். டப்பில் பாதிதான் தண்ணீர், மீதி காற்று. புதுத் தண்ணீரை அரைமணிக்கு ஒரு குவளையாக ஆறேழு முறை ஊற்றிய பிறகு விடுங்கள். விட்டதும் மங்கியிருந்த பட்டைகள் கறுத்துத் தெரியும், மூலையில் போய் நிற்கும், மூன்று நான்கு நாள் எதையும் தொடாது. பயந்து மருந்து போட வேண்டாம். இந்த அளவு மீன் ஒரு வாரம் பட்டினி கிடந்தாலும் ஒன்றும் ஆகாது. நாள்தோறும் அமோனியாவை மட்டும் அளந்துகொண்டு, ஐந்தாம் நாள் ஒரு பிடி அசோலா போட்டுப் பாருங்கள்.